மீட்டர் கேஜ் மாடலுக்கு 16.5 மி.மீ. தண்டவாளம் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

2 பிப்ரவரி 2025

வந்த கேள்வி இது: "மீட்டர் கேஜ் ரயிலை 1:87 அளவில் செய்ய ஆசை. கிடைப்பதெல்லாம் 16.5 மி.மீ. எச்ஓ (1:87 அளவின் பெயர்) தண்டவாளம்தான். பாயின்ட்ஸ் (பாதை பிரியும் இடம்), இன்ஜின் சேஸிஸ் எல்லாம் அதற்குத்தான் சுலபமாக அமைகிறது. அதன் மேலேயே மீட்டர் கேஜ் பெட்டியை வைத்து ஓட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஸ்கேலை எடுத்துக்கொண்டா வருவார்கள்?"

தெரியும். ஸ்கேல் வேண்டாம், கண்ணே போதும்.

16.5-ஐ 87 மடங்கு பெருக்கினால் 1435 மி.மீ. அது சென்னை மெட்ரோ ஓடும் அகலம். மீட்டர் கேஜின் அகலம் 1000. நூற்றுக்கு நாற்பத்து மூன்று கூடுதல். இது ஒரு பக்கம். பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 9 அடி அகலம், அதாவது பாதையைப் போல் 2.7 மடங்கு. அகலப்பாதையின் ஐசிஎஃப் பெட்டி 3245 மி.மீ., பாதை 1676. இரண்டு மடங்குகூட இல்லை. 1:87-ல் உங்கள் மீட்டர் கேஜ் பெட்டி 31.5 மி.மீ. வரும். அதை 16.5 மேல் வைத்தால் 1.9 மடங்கு. அதாவது அகலப்பாதைப் பெட்டி எப்படி நிற்குமோ அப்படியேதான் நிற்கும். ஒடுங்கின பாதையில் அகலமான பெட்டி தோளை விரித்துக்கொண்டு அசைந்து வருவதுதான் மீட்டர் கேஜ். அது போய்விட்டால் மிச்சம் இருப்பது பெயின்ட் மட்டும்தான்.

12 மி.மீ. தண்டவாளம் போடுங்கள். சரியாக வந்துவிடும்.

3 பிப்ரவரி 2025

"சரியாக" என்று நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. 12 போட்டால் 1044 ஆகிறது. அரை மில்லிமீட்டர் கூடுதல். ஐரோப்பாவில் எச்ஓஎம் என்று சொல்லி மீட்டர் கேஜ் மாடல் செய்கிறவர்கள் எல்லோரும் இந்த 12-ல்தான் இருக்கிறார்கள். ஜெர்மனியின் டில்லிக், இங்கிலாந்தின் பெகோ இரண்டிலும் 12 மி.மீ. தண்டவாளம் உண்டு. அந்த அரை மில்லிமீட்டர் எனக்கு இதுவரை கண்ணில் படவில்லை.

16.5-ஐ விடவே மாட்டேன் என்றால் பெட்டியைப் பெரிதாக்குங்கள். 1:64-ல் செய்தால் 16.5 என்பது 1056 மி.மீ. 1:60 என்றால் 990. பாதையும் பெட்டியும் பொருந்திவிடும். ஆனால் அறை பெரிதாக வேண்டும், வீடு முதல் மரம் வரை எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டும்.

9 பிப்ரவரி 2025

நான் எதைச் செய்கிறேன் என்று சொல்லாமலே கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். கடைக்கு மேலே 11 அடிக்கு 9 அடி அறை ஒன்று. அதில் செங்கோட்டை – புனலூர் பாதை.

1904-ல் போட்ட பாதை. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். 1956-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாக முழுவதும் திறக்க 2018 ஆகிவிட்டது. நிறுத்துவதற்கு முந்தின மாதம், ஆகஸ்ட் 2010, சாரல் அடிக்கிற ஒரு காலை. அதுதான் என் அறையில் எப்போதும்.

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 49 கிலோமீட்டர். 1:87-ல் 563 மீட்டர். தெருவையே வாடகைக்கு எடுத்தாலும் போதாது. அதனால் மூன்று துண்டுதான் எடுத்தேன்: பகவதிபுரம் ஸ்டேஷன், அதைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போகும் குகை, கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம். குகை எனக்குப் பெரிய உதவி. வண்டி இந்தப் பக்கம் வயலை விட்டு நுழைந்து அந்தப் பக்கம் தேக்குக்கும் ரப்பருக்கும் நடுவில் வெளியே வருகிறது. நடுவில் விட்டுப்போன கிலோமீட்டர்களை யாரும் கேட்பதில்லை. இருட்டு அவ்வளவையும் விழுங்கிவிடும்.

வளைவுதான் வலி. இந்தியாவில் மீட்டர் கேஜில் பொதுவாக அனுமதிக்கிற மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி, 109 மீட்டர் ஆரம். அதுவே 1:87-ல் 1.25 மீட்டர். என் அறை மூலையில் 75 சென்டிமீட்டருக்கு மேல் இடமில்லை. அந்த மூலைகளை மலைக்குள் மறைத்துவிட்டேன்.

10 பிப்ரவரி 2025

12 மி.மீ. தண்டவாளத்தை எங்கே வாங்கினேன் என்றால், வாங்கவில்லை. தண்டவாளக் கம்பியை மட்டும் வாங்கிப் பாதையைக் கையால் போட்டேன்.

செம்புத் தகடு ஒட்டின பிசிபி (மின்சுற்றுப் பலகை) போர்டைப் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். மீட்டர் கேஜ் மரக்கட்டை 1830-க்கு 203 மி.மீ.; 1:87-ல் 21 மி.மீ. நீளம், 2.3 அகலம். ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் அரத்தால் செம்பை ஒரு கோடு கிழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட். எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி, கம்பியை வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டும். அகலம் மாறாமல் இருக்க லேத் பட்டறையில் ஒரு பித்தளை உருளை கடைந்து வாங்கினேன், இரண்டு பள்ளம், நடுவில் 12.0. அந்த உருளை இல்லாமல் தொடங்காதீர்கள்.

சால்டரிங் கை வந்தவருக்கு ஓர் அடிக்கு ஒரு மணி நேரம். எனக்கு அது தொழில் கை. புதிதாகக் கற்பவர் என்றால் முதல் ஓர் அடியைத் தூக்கி எறியும் மனத்தோடு உட்காருங்கள்.

1 மார்ச் 2025

இரண்டு வாரமாக ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. "யாருக்குத் தெரியும்" என்று கேட்டவருக்கு நான் பட்டென்று பதில் சொன்னேன். ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? அங்கே ஓஓ என்பது 1:76.2, தண்டவாளம் அதே 16.5. பெருக்கினால் 1257 மி.மீ. வருகிறது, இருக்க வேண்டியது 1435. இத்தனை வருடங்களாக அப்படியேதான் ஓட்டுகிறார்கள். ஜப்பானில் ஊர் ரயில்கள் 1067 மி.மீ. பாதையில் ஓடுபவை. 'N' என்று பெயர் வைத்த சின்ன அளவு மாடலில் அவற்றை 1:150-ல் செய்து 9 மி.மீ. தண்டவாளத்தில் வைக்கிறார்கள், கணக்குப்படி 7.1 இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் ரயிலை நேசிக்காதவர்களா? அப்படி யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

அப்படியானால் என் பதில் தவறா? முழுக்கத் தவறு இல்லை. அந்த இங்கிலாந்திலேயே, 1435-க்குக் கணக்குப்படி சரியாக வரும் 18.83 மி.மீ. அகலத்தில் கையால் பாதை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உறுத்தியிருக்கிறது. ஆனால் "தெரியும்" என்ற இடத்தில் "உறுத்தும்" என்று எழுதியிருக்க வேண்டும். யாருக்கு எது உறுத்துகிறதோ அதை அவர் மாற்றிக்கொள்ளட்டும். எனக்கு அகலம் உறுத்தியது. சக்கரத்தின் விளிம்பு அசலைவிடத் தடிமன், அது எனக்கு உறுத்தவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

23 மார்ச் 2025

ஸ்டேஷன் முன்னால் நேராக இருந்த பாதை பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் பார்த்தேன். எட்டு அடி நீளத்துக்கு இடைவெளி விடாமல் பற்றவைத்திருந்தேன். வெயில் ஏறிவிட்டது, கம்பி நீண்டு போக இடமில்லாமல் பக்கவாட்டில் புடைத்திருக்கிறது. நான்கு கட்டை பெயர்ந்தே போயிற்று. கோடையில் அறையில் காற்றாடி போட்டே வையுங்கள்.

6 ஏப்ரல் 2025

மேலே எழுதினது தவறான காரணம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிக்கல் சில்வர் கம்பி ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.017 மி.மீ. நீளும். 2.4 மீட்டருக்கு, 12 டிகிரி கூடினால், அரை மில்லிமீட்டர். இவ்வளவு நெளிவுக்கு அது மட்டும் போதாது.

குற்றவாளி பாதைக்கு அடியில் இருக்கும் பிளைவுட் பலகை. பாதையை ஒட்டியது போன ஆடியில். எங்கள் ஊரில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் நேரே வரும். துணி மூன்று நாளானாலும் காயாது. பிளைவுட் அந்த ஈரத்தைக் குடித்து நீண்டிருந்த நேரம் பார்த்து நான் கம்பியை ஒட்டிவிட்டேன். மாசி, பங்குனியில் காற்று காய்ந்ததும் பலகை சுருங்கியது, கம்பி சுருங்கவில்லை. காற்றாடி போட்டு ஒன்றும் ஆகாது, அந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

செய்தது: பலகையின் அடிப்பக்கமும் ஓரங்களும் வார்னிஷ் இரண்டு கை. ஓரம்தான் முக்கியம், ஈரம் அங்கேதான் நுழைகிறது. இரண்டு அடிக்கு ஓரிடத்தில் கம்பியை அறுத்து ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு இடைவெளி. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக மின்கம்பி. சாரல் வந்தால்தான் வெற்றியா என்று தெரியும்.

20 ஏப்ரல் 2025

பாலத்துக்கு இடம் போதவில்லை என்று ஒன்பது கண் வைத்து அட்டையில் மாதிரி வெட்டினேன். உயரத்துக்கும் அகலத்துக்கும் சரியான விகிதம், பார்க்கவும் நன்றாக இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் மகள் மேலே வந்தாள்.

"அப்பா, பதிமூணு கண் பாலத்துல ஒன்பது கண்ணுதான இருக்கு?"

இடம் இல்லை என்றேன். "அப்போ பேர மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அவள் சொன்னது நியாயம். அந்தப் பாலத்துக்கு எண்ணிக்கையே பெயர். கொல்லம் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரக் குழந்தைகள் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிற பாலம். ஒவ்வொரு கண்ணையும் ஒடுக்கிப் பதின்மூன்றாக வெட்டினேன். இப்போது விகிதம் தவறு, எண்ணிக்கை சரி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, காய்வதற்குள் ஊசியால் கருங்கல் வரிகள் கீறினேன். இன்னும் நான்கு கண் பாக்கி.

பாதையின் அகலத்தை அவள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

11 மே 2025

கோடையில் கடையில் கூட்டம். எல்லார் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் இந்த மாதத்தில்தான் புகையும். ராத்திரி பத்துக்கு மேல்தான் மேலே ஏற முடிகிறது.

பின் இன்ஜின் போட்டுப் பார்த்தேன். கணவாயில் முன்னால் ஒரு ஒய்டிஎம்-4 (மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின்), வால்பக்கம் தள்ளுவதற்கு இன்னொன்று, நடுவில் பெட்டிகள். சின்ன வயதில் நான் பார்த்தது அந்த வரிசைதான், இரண்டு இன்ஜினும் மாறி மாறி உறுமும் சத்தத்தோடு. மாடலில் இரண்டுக்கும் சேஸிஸ் ஜெர்மனியின் டிடி அளவு, 1:120, ஆறு அச்சு டீசல். அந்த அளவுக்கு இயல்பாகவே 12 மி.மீ. பாதை. மேல்உடம்பு மட்டும் பிளாஸ்டிக் தகட்டில் நான் செய்தது. டிசிசி (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் முறை) என்பதால் ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம்.

என் ஏற்றம் நாற்பதில் ஒன்று. வளைவில் மூன்றாவது பெட்டி கவிழ்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே பெட்டி. பின் இன்ஜின் சரியாகத் தள்ளவில்லை என்று நினைக்கிறேன். அதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

12 மே 2025

கூட்டினேன். இப்போது மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து கவிழ்கின்றன.

18 மே 2025

நேர்மாறாகச் செய்ய வேண்டியது. முன்னால் இழுப்பதைவிடப் பின்னால் தள்ளுவது அதிகமானால் நடுவில் இருக்கும் லேசான பெட்டி வளைவின் வெளிப்பக்கம் பிதுங்கித் தூக்கிக்கொள்ளும். பின் இன்ஜின் எப்போதும் ஒரு சொட்டு பின்தங்கியே இருக்க வேண்டும். இன்ஜினுக்குள் இருந்து அந்தக் கட்டளையை வாங்கும் டிகோடரில் சிவி என்று எண் போட்ட அமைப்புகள் உண்டு; சிவி 2, சிவி 6, சிவி 5 மூன்றும் தொடக்க, நடு, உச்ச வேகங்கள். இரண்டு இன்ஜினையும் தனித்தனியாக ஆறு அடி ஓடவிட்டு நொடி எண்ணி, பின்னதை அரை நொடி தாமதமாக வரும்படி வைத்தேன்.

அடுத்தது எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ எச்ஓ பெட்டிக்குச் சொல்லும் கணக்கு 1 அவுன்ஸ், அதோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். என் பெட்டி கிட்டத்தட்ட 9 அங்குலம், 155 கிராம் இருக்க வேண்டும். தராசில் வைத்தேன், 90 கிராம். எரிந்துபோன மோட்டார்களின் லேமினேஷன் தகடு கடையில் மூட்டையாகக் கிடக்கிறது. அதைச் சீட்டுக்கு அடியில் ஒட்டினேன். நேற்று ராத்திரி பதினோரு தடவை ஏறி இறங்கியது, ஒரு பெட்டிகூட அசையவில்லை. கீழே போய் மனைவியை எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

15 ஜூன் 2025

சாரல் தொடங்கிவிட்டது. பாதை நெளியவில்லை. காகித இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு அகன்றிருக்கின்றன, அவ்வளவுதான். பலகை நீள்கிறது, கம்பித் துண்டுகள் அதோடு நகர்ந்துகொள்கின்றன.

ஜல்லிக்கு எம்-சாண்ட் பயன்படுத்துகிறேன். அசல் 50 மி.மீ. ஜல்லி 1:87-ல் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மாவுச் சல்லடையில் சலித்து, தங்குவதைத் தள்ளி, விழுவதை டீ வடிகட்டியில் மறுபடி சலித்துத் தூசியை நீக்கினால் சரியான பரல் கிடைக்கும். அதன் மேல் ஒரு காந்தத்தைக் கட்டாயம் ஓட்டுங்கள். இரும்புத் துகள் இருந்தால் இன்ஜின் மோட்டார் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் கம்யூட்டேட்டர் போகும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு. லிக்விட் இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக நின்று ஜல்லியைக் கலைத்துவிடும்.

காட்டுத் தரைக்கு டீத்தூள் தூவலாம் என்று நினைத்தேன். வடித்த தூளை அப்படியே காயவைத்துத் தூவிவிட்டேன், அதில் பாலும் சர்க்கரையும் ஒட்டியிருந்தது. தென்மலைக் காடு முழுக்க எறும்பு. மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, இத நாலு தண்ணி அலசிட்டுல்ல போடணும்" என்றாள். அவள் சொன்னபடி அலசி, வெறுஞ்சட்டியில் வறுத்துப் போட்டேன். எறும்பு வரவில்லை, நிறமும் ஈரமண் போலவே வந்தது. இப்போது அந்த வேலை அவள் பொறுப்பு. தேக்கு இலைச் சருகு எந்தப் பழுப்பு என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. அவள் பிறந்த ஊர் அந்தப் பக்கம்.

13 ஜூலை 2025

இதை எழுதத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன்.

கிரைண்டர் மோட்டார் கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். பேச்சுவாக்கில் ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. ஆரியங்காவுப் பக்கம் பல வருடம் பீட் நடந்தவர். தோளில் சுத்தியலோடு தினமும் பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்த மனிதர். "அண்ணாச்சி, மேல ஒண்ணு வச்சிருக்கேன், பாக்கீங்களா?" என்றேன். மூட்டுவலியோடு படி ஏறி வந்தார்.

வண்டி ஸ்டேஷனில் நின்றது. அதைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்க்கவில்லை. குனிந்தார், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சுண்டுவிரலை வைத்தார்.

"மீட்டர் கேஜ்லா இது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே விரலை எடுக்காமல் கொஞ்ச தூரம் நகர்த்திக்கொண்டு போனார். பிறகு நின்று, "தம்பி, ஜாயின்ட் எங்க?" என்றார்.

புரியவில்லை. அவர் சொன்னார்: மீட்டர் கேஜ் தண்டவாளம் 12 மீட்டர் துண்டு. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ஃபிஷ்பிளேட்டுக்கு (இரண்டு துண்டையும் இணைக்கும் இரும்புத் தகடு) இரண்டு பக்கமும் கட்டைகள் நெருக்கமாக இருக்கும், சக்கரம் அடிக்கிற இடம் அதுதான் என்பதால். நான் எல்லாக் கட்டையையும் ஒரே இடைவெளியில் சீப்புப் பல் மாதிரி வைத்திருக்கிறேன். "இதுல நடந்தா கால் கணக்கே வராது" என்றார்.

அடுத்து கைகாட்டி. அவுட்டர், அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே முதலில் வரும் நிறுத்தக் கைகாட்டி; அதன் கை நுனியில் மீன்வால் மாதிரி வெட்டியிருந்தேன். மீன்வால், முன்கூட்டி எச்சரிக்கும் வார்னருக்கு மட்டும்தான்; அவுட்டரும், அதற்கு அடுத்து ஸ்டேஷன் வாசலில் வரும் ஹோமும் நேர் நுனி. "டிரைவர் தூரத்துலயே நுனியப் பாத்துத்தான் முடிவு எடுப்பான். இத வச்சா ஆளக் கொன்னுரும்" என்றார். குரலில் கண்டிப்பு இருந்தது, அது வெறும் மாடல் என்பது அவருக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. எனக்கும்தான்.

போகும்போது வண்டியை ஒரு தடவை ஏற்றிக் காட்டச் சொன்னார். பின் இன்ஜின் குகைக்குள் நுழையும் வரை நின்று பார்த்தார்.

14 ஜூலை 2025

பிப்ரவரியில் கேட்டவருக்கு: யாருக்குத் தெரியும் என்றீர்களே, இவருக்குத் தெரிந்தது. விரல் ஒன்று போதும் அவருக்கு.

ஆனால் ராத்திரி முழுக்க இன்னொன்றும் யோசித்தேன். 75 சென்டிமீட்டர் வளைவு அசலில் 65 மீட்டர் ஆரம், இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் அதை விடமாட்டார்கள். மலைக்கு வெளியே ஒரு சாண் அளவு அது தெரியத்தான் செய்கிறது. அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தின் ஒடுங்கின கண்களைச் சொல்லவில்லை. பார்த்தும் விட்டாரா, பார்க்கவில்லையா? அவர் கால் நடந்து பழகின இடங்களை மட்டும் பார்த்தார் என்று எனக்குப் படுகிறது. நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன், அதனால் பெட்டியின் தோள் அகலம் என் கண்ணில் பட்டது. மகள் எண்ணினாள். மனைவி சருகைப் பார்த்தாள்.

அதனால் 16.5-ல் தொடங்குவதாக இருந்தால் தொடங்குங்கள், நான் தடுக்கவில்லை. பெட்டியை ஓட்டி ஒரு மாதம் பாருங்கள். உறுத்தினால் பித்தளை உருளை கடைய அளவு தருகிறேன்.

3 ஆகஸ்ட் 2025

12 மீட்டர் 1:87-ல் 138 மி.மீ. ஸ்டேஷன் முன்னால் எட்டு அடிக்கு 17 ஜாயின்ட். ஒவ்வொன்றிலும் நான்கு கட்டையைச் சூடுகாட்டிக் கழற்றி, நெருக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். ஜல்லியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டினால் வந்துவிடுகிறது. ஜாயின்ட் வரும் இடத்தில் கம்பியின் தலையில் முக்கோண அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. வண்டி அதன் மேல் போகும்போது டக்-டக், டக்-டக் என்று கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஐந்து முடிந்தது. பன்னிரண்டு பாக்கி. அவுட்டர் கையை நேர் நுனியாக வெட்டிச் சிவப்பு அடித்தாயிற்று, சாரல் ஈரத்தில் இன்னும் காயவில்லை. அண்ணாச்சியின் கிரைண்டர் மோட்டார் ரெடி. வெள்ளிக்கிழமை எடுக்க வருகிறார்.